முதல் பீஸ் பரசுராமன்

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷினோ புது அச்சோ வந்தால், அதிலிருந்து வெளியே வரும் முதல் பீஸை யாரும் லாரியில் ஏற்றிவிட மாட்டார்கள். கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போய் மேசைமேல் வைப்பார்கள். பெரியவர்கள் சுற்றி நின்று அளப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பெயர் 'முதல் பீஸ் அப்ரூவல்'. அந்தக் கையெழுத்து விழும்வரை மெஷின் மூச்சு விடக் கூடாது. விழுந்த பிறகு அந்த முதல் பீஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

நல்ல வழக்கம்தான். இரும்புக்கு அது ஒரு கெடுதலும் செய்ததில்லை.

வடக்குப்பட்டுப் பரசுராமன் அப்படியொரு கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தலைமுடி நரைத்த பிறகும் கான்ட்ராக்ட் ஆள்தான். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கிவிட்டு லைனில் போய் நிற்பார். வலி போனதாகத்தான் அவர் நினைத்தார். அது முட்டியிலிருந்து கிளம்பி வயிற்றுக்குக் குடிபோயிருந்தது.

ஒருநாள் காலையில் கொல்லைப்புறம் போனவர் குனிந்து வாந்தி எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி அம்சவல்லி, வெற்றிலைச் சாறு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் அவர் வெற்றிலை போடுவதில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"யோவ், ரத்தம்யா!"

"கத்தாத. ஷிப்டுக்கு நேரமாவுது."

"ஷிப்டு கெடக்குது. ஏறு ஆட்டோல."

அவர்கள் போனது தொழிற்பேட்டை நலவாழ்வு மையத்துக்கு. அந்த வட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி அது. தொழிலாளிகளின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணமும் அதில் சுவராகவும் கண்ணாடியாகவும் நின்றது. தன் பணம் இருக்கிற இடத்தில் தனக்கு வைத்தியமும் இருக்கும் என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள்.

வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"ஹெல்மெட் இல்லாம உள்ள வுட மாட்டேன்."

"நாங்க வண்டில வர்லியேபா. ஆட்டோல வந்தோம்."

"அந்த ஹெல்மெட் இல்லமா. சேப்டி ஹெல்மெட்."

பிளாஸ்டிக் தொப்பி இரண்டு கொடுத்தார். அம்சவல்லி கொண்டைக்கு மேல் அதைக் கவிழ்த்துக்கொண்டாள். உள்ளே ஏசி அறையில் உட்காரவைத்து, மையத்துக்குள் எப்படிப் பாதுகாப்பாக நடமாடுவது என்று ஒரு படம் போட்டார்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும் என்ற இடம் வந்தபோது, பரசுராமன் தொப்பியைக் கழற்றி அதில் வாந்தி எடுத்தார். அந்தத் தொப்பி அந்தக் கட்டடத்தில் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

சுவரில் பெரிய பலகை ஒன்று பச்சை எழுத்தில் மின்னியது. 'மரணமில்லா நாட்கள்' என்று போட்டு, பக்கத்தில் எண் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் விபத்தில்லா நாட்களுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி. அம்சவல்லிக்கு அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஒருத்தர் கூட சாவலியா இங்க? நல்ல கைராசிக்கார ஆஸ்பத்திரிதான்."

நர்ஸ் பூமாரி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அம்சவல்லியின் காதோரம் குனிந்தாள்.

"நோயாளின்னு ஒருத்தர் வந்து படுத்தாத்தானக்கா சாவதுக்கு. பெட்ல சேருத மொத ஆளே உங்க வீட்டுக்காரவுகதான்."

டாக்டர் சசிரேகா சின்ன வயசு. பரசுராமனின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், கண் இமையை இறக்கிப் பார்த்தாள். பிறகு அம்சவல்லியைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, வயித்துக்குள்ள புண்ணு இருக்கு. அதுலேர்ந்து ரத்தம் கசியுது. வாய் வழியா மருந்து குடுத்தா அது புண்ணு மேல நிக்காது, ரத்தத்தோட அடிச்சிக்கிட்டுப் போயிடும். அதனால கேமரா வெச்ச குழாய உள்ள விட்டு, புண்ணைக் கண்ணால பாத்து, அது மேலயே மருந்துப் பொடிய ஊதி விடணும். ஈரம் பட்டதும் அந்தப் பொடி இறுகிப் புண்ணை மூடிக்கும்."

"செவுத்துல ஓட்ட வுழுந்தா சிமிட்டி பூசற மாறியா?"

"அதேதான்."

"அப்ப பூசிடு தாயி."

"பூசிடலாம். மெஷின் பக்கத்து ரூம்லதான் இருக்கு. இன்னிக்கே முடிச்சிடலாம்."

பக்கத்து அறையில் மெஷின் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குமேல் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தார்கள். கறுப்புக் குழாய் உறைக்குள்ளே சுருண்டு தொங்கியது. ரிப்பனைத் தொட்ட டாக்டரின் கையை ஒரு குரல் தடுத்தது.

"டாக்டர், என்ன பண்றீங்க?"

நிர்வாகி ஜீவானந்தம். வாழ்நாளெல்லாம் கார் பம்பர் செய்யும் கம்பெனியில் பிளான்ட் ஹெட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைச் சரிசெய்ய வந்திருந்தார்.

"சார், எமர்ஜென்சி. ரத்தம் கசியுது."

"முதல் பீஸ் அப்ரூவல் இல்லாம லைன் ஸ்டார்ட் பண்ண முடியாது."

"இவர் பீஸ் இல்ல சார், பேஷண்ட்."

"முதல் பேஷண்ட். அதைத்தான் நானும் சொல்றேன். சேர்மன் முன்னாடி நடக்கணும், அவர் கையெழுத்துப் போடணும். கசிவு எவ்வளவு? அனுமதிச்ச அளவுக்குள்ள, டாலரன்சுக்குள்ளதான இருக்கு?"

"ரத்தத்துக்கு டாலரன்ஸ் கிடையாது சார்."

"எல்லாத்துக்கும் டாலரன்ஸ் உண்டு டாக்டர். உங்க காலேஜ்ல சொல்லித் தரல, அவ்வளவுதான்."

"அப்படின்னா மெட்ராசுக்கு அனுப்பி வைங்க. அங்க பெரியாஸ்பத்திரில செஞ்சிடுவாங்க."

ஜீவானந்தம் வருத்தத்தோடு சிரித்தார். சிறுபிள்ளைக்குக் கணக்கு வராதபோது வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"அப்ரூவல் ஆகாத பீஸ் கேட்டைத் தாண்டி வெளியே போகலாமா? இவ்வளவு வருஷத்துல அந்தத் தப்பை நான் பண்ணினதில்ல. கேட் பாஸ் தர மாட்டேன்."

அவர் போன பிறகு ஓர் ஆள் வந்து பரசுராமனின் மணிக்கட்டில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான். அம்சவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாயா இது, தாயத்தா?"

"மஞ்சா டேக்குமே. ஹோல்டுல வெச்சிகீறாங்கன்னு அர்த்தம். பச்சனா ஓகே, செவப்புனா ஸ்க்ராப்பு."

"இதுக்குப் போயி பல்ல காட்டற நீ."

"உனக்கு இன்னா தெரியும். எங்க ஷாப்புல புது அச்சு, டை வந்தப்ப மொத பீஸு அட்ச்சது யாரு? நான்தான். இன்னிக்கும் கண்ணாடிப் பொட்டில கீது. மேனேஜரு கையெழுத்து கீது அது மேல."

"உன் பேரு கீதா?"

பரசுராமன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அட்ச்ச கை என்னுதுன்னு அந்த பீசுக்குத் தெரியும்ல" என்றார்.

விழா வெள்ளிக்கிழமை என்றார்கள். விழாவுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சேர்மன் ஜெர்மனியிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமை என்றார்கள். அன்றும் பட்டினி. சேர்மன் வந்துவிட்டார், ஆனால் அவர் வந்த நேரம் ராகு காலம். மறுநாள் என்றார்கள். அன்று பெரிய திரை வந்து சேரவில்லை. பரசுராமனின் வயிற்றுக்குள் நடப்பதை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள் பார்க்க வேண்டுமே. சின்னத் திரையில் காட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது.

இதற்கிடையில் கையில் குளுக்கோஸ் ஏறியது, ரத்தப் பாட்டில் ஏறியது. மேலே ஏறினது கீழே கறுப்பாக இறங்கியது. கேன்டீனிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தால் பரசுராமன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"பசிக்குதாயா?"

"மாப்ள மாறி உக்கார வெச்சிகீறாங்க. தாலி கட்ற வரைக்கும் மாப்ள சாப்புடக் கூடாதுல்ல?"

"நம்ம கல்யாணத்துல நீ பந்தில மொத ஆளா உக்காந்தவன்தான."

"அன்னிக்கு எவன் கையெழுத்துக்கும் காத்துக்கினு இல்லியேமே."

சிரித்தார். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உதடு வெள்ளைக் காகிதம்போல இருந்தது. அம்சவல்லி பஞ்சில் தண்ணீர் நனைத்து அந்த உதட்டில் தடவினாள். அதற்கும் பூமாரிதான் யாரும் பார்க்கிறார்களா என்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் சசிரேகா தினமும் ஜீவானந்தத்தின் அறைக்குப் போவாள், முகம் சிவந்து திரும்புவாள். ஒருநாள் மத்தியானம் அம்சவல்லியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஷிப்ட் விடற நேரத்துக்குக் கம்பெனி பஸ் எல்லாம் வரிசையா நிக்கும். கேட்ல யாரையும் சரியாப் பாக்க மாட்டாங்க. பின்பக்கமா ஒரு ஆட்டோ வரச் சொல்லியிருக்கேன். நேரா மெட்ராஸ் போங்க. அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, போன்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"ஒங்க வேலைக்கி?"

"அதை நான் பாத்துக்கறேன்."

பூமாரி சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலை ஒட்டி நிறுத்தினாள். "எந்திரிங்கண்ணே. நான் பிடிச்சுக்கிடுதேன். சட்டுனு போயிருவோம்" என்றாள்.

பரசுராமன் எழுந்திருக்கவில்லை.

"திருட்டுப் பொருள் மாறி என்ன பின்னால தூக்கினு போறீங்களா?"

"உசுரு போயிரும்ணே."

"போவாது. ரத்தம் ஏத்தறாங்கல்ல." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "சேர்மன் வந்து கை குலுக்குவாருன்னு ஜீவானந்தம் சாரு சொல்லிகீறாரு. எத்தினி வருசமா கான்ட்ராக்ட்ல கீறேன். அவுரு கையப் புடிச்சினு ஒரே வார்த்த கேட்டுடறேன், பெர்மனென்ட் பண்ணுங்க சார்னு. மொத பீஸுன்னா இல்லன்னு சொல்ல மாட்டாரு. நாளிக்கு ஓடிப் போனவன்னு பேராயிட்டா, கேட்டு உள்ள கூட வுட மாட்டானுங்க."

"பெர்மனென்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், எந்திரியா!"

"ஒரே ஒரு நாள்மே. நாளிக்கு விழா. திரை வந்துச்சாம்."

அம்சவல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கை எடையே இல்லாமல் அவளோடு வந்தது. ஆனால் ஆள் வரவில்லை. வெளியே பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. ஆட்டோவும் போய்விட்டது.

மறுநாள் விழா நடந்தேவிட்டது. மண்டபம் முழுக்கக் கோட்டுப் போட்டவர்கள். வாழை மரம் கட்டியிருந்தார்கள். மண்டபத்துக்கு உருட்டி வந்த மெஷின் வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் வாசலில் தயாராக இருந்தது. அந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினானாலும் மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஸ்விட்சைத் தட்ட மாட்டார்கள். தட்டினால் ஆபரேட்டரின் விரலைக் கேட்டுவிடும் என்று பேச்சு.

சேர்மன் மைக்கைப் பிடித்தார். உயரமான மனிதர். இனிமையான குரல்.

"தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறோம் என்று எங்களைச் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இன்று பதில் சொல்கிறோம். அடிப்பது என்ன, நாங்கள் தொழிலாளியின் வயிற்றுக்குள்ளேயே வந்துவிட்டோம்!" என்றார். கைதட்டல் அடங்கக் காத்திருந்து தொடர்ந்தார். "நம்மிடம் வேலை செய்கிறவர் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இத்தனை காலம் நாம் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வசதி இல்லை. இன்று வசதி வந்துவிட்டது. பெரிய திரையில், கலரில், எல்லாரும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்."

ஜீவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"இப்போது நம் முதல் பீசின்... முதல் பயனாளியின் துணைவியார் வந்து, மங்களகரமாக மெஷினுக்குச் சந்தனம் வைப்பார்" என்று அவர் மைக்கில் அறிவித்தார்.

அம்சவல்லி எழுந்து போனாள். வெள்ளிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்கள்.

"எங்க சார் வெக்கறது?"

"வாயில வைங்கம்மா. எந்த மெஷினுக்கும் வாயிலதான் வைக்கணும். மருந்து வர்ற இடம் அதான்" என்று ஜீவானந்தம் குழாயின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

நுனியில் கண் மாதிரி ஒன்று மின்னியது. அதன் பக்கத்தில் சின்னத் துளை. இதுதானே என் புருஷனின் வயிற்றுக்குள் போகப் போகிறது என்று அவள் நினைத்தாள். வீட்டு விளக்குக்கு வைப்பதைவிட அதிகமாகவே சந்தனத்தை வழித்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தி வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். 'தாயே, நீ அவரை உள்ள போய்ப் பாத்துக்கோ' என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். கேமராக்காரர்கள் இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தரமும் வைத்தாள்.

பக்கத்து அறையில் பரசுராமனுக்கு மயக்க ஊசி போட்டுத் தயாராக வைத்திருந்த சசிரேகா, மாலையோடு வந்த மெஷினைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

"யாரு இதுல சந்தனம் வெச்சது? இதைக் கழுவிச் சுத்தம் பண்ணி எடுக்க நேரமாகும் சார். நிறுத்துங்க!"

"சேர்மனுக்கு அடுத்த மீட்டிங் இருக்கு டாக்டர். தொடச்சிட்டு ஆரம்பிங்க" என்றார் கூடவே வந்த ஜீவானந்தம்.

கட்டிலில் பரசுராமனின் நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாயோரம் சிவப்பாக வழிந்தது. இனிக் காத்திருக்க அவருக்கும் நேரமில்லை. சசிரேகா ஸ்பிரிட் பஞ்சால் வேகவேகமாகத் துடைத்தாள். வெளியே இருந்த சந்தனம் போயிற்று.

குழாய் உள்ளே இறங்கியது. மண்டபத்துத் திரையில் ரோஜா நிறத்தில் ஒரு குகை தெரிந்தது. ஆஹா என்றார்கள். குகையின் ஒரு பக்கத்தில் பள்ளமும், பள்ளத்திலிருந்து ஊறிவரும் சிவப்பும் தெரிந்தன. "கலர் அருமையா வருது" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். மெஷினை விற்ற கம்பெனிக்காரர் எழுந்து கும்பிட்டார்.

சசிரேகா குழாயின் துளை வழியாக மெல்லிய பிளாஸ்டிக் டியூபை உள்ளே தள்ளினாள். அதன் வழியாகத்தான் மருந்துப் பொடி போக வேண்டும். நுனியில் ஏதோ தடுத்தது. அழுத்தித் தள்ளினாள். டியூபின் முனை வெளியே எட்டிப் பார்த்தபோது மஞ்சளாக ஒரு பூச்சோடு வந்தது. அவள் பொடியை ஊதினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினாள். ஈரம் பட்டால் இறுக வேண்டும் என்பது அந்தப் பொடிக்கு இடப்பட்ட கட்டளை. ஈரச் சந்தனத்தைக் கண்டதும், இதுதான் புண் என்று எண்ணி அது அங்கேயே இறுகிவிட்டது. புண் ஒரு விரல்கடை தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"இன்னொரு டியூப்! சீக்கிரம்!"

"ஒண்ணுதான் ஆர்டர் பண்ணோம் டாக்டர்" என்றார் ஜீவானந்தம். "ஸ்டாக் வெச்சிக்கறது வேஸ்ட். தேவைப்படும்போது வரவழைக்கறதுதான் நம்ம சிஸ்டம்."

"இப்பத்தான் சார் தேவைப்படுது!"

"அப்ப வேணும்னு எழுதி இன்டென்ட் போடுங்க."

புண்ணிலேயே ஊசி மருந்தாவது போடலாம் என்றால் அதுவும் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். துளை கல்லாகிப்போயிருந்தது. திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அதுதான் வைத்தியம் முடிந்ததற்கு அடையாளம் என்று நினைத்து மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சேர்மன் பேனாவைத் திறந்து, தட்டில் வைத்து நீட்டப்பட்ட அப்ரூவலில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் காரேறிப் போனார்.

"பிரஷர் எறங்குது மேடம்" என்றாள் பூமாரி.

ஜீவானந்தம் கட்டிலைப் பார்த்தார். பிறகு கதவு வழியாகத் தெரிந்த பச்சைப் பலகையைப் பார்த்தார். அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடிப்போய்த் தானே கேட் பாஸ் எழுதி, தானே முத்திரை குத்தி, தானே கொண்டுவந்து கொடுத்தார். ஆம்புலன்சின் கதவைக்கூடத் தன் கையாலேயே சாத்தினார்.

"சீக்கிரம், சீக்கிரம். கேட்டைத் தாண்டுங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி மெட்ராஸ் ரோட்டில் ஏறியது. சசிரேகா ஒரு பக்கம் ரத்தப் பையைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். வழியில் பரசுராமனுக்கு நினைவு வந்தது. உதடு அசைந்தது. அம்சவல்லி காதைக் கொண்டுபோனாள்.

"சேர்மன் வந்தாரா?"

"வந்தாருயா."

"நான் தூங்கிட்டனே. கேக்க முடியலியே."

"நான் கேட்டன்யா."

"இன்னா சொன்னாரு?"

அம்சவல்லி அவர் நெற்றியில் கை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நீளமாக வந்துகொண்டிருந்தது.

"பெர்மனென்ட் பண்ணிட்டேன்னு சொல்லிட்டாரு."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான். எல்லாரும் கைதட்னாங்க. உனக்குக் கேக்கலியா?"

"லேசாக் கேட்டா மாறி இருந்துச்சி" என்றார் பரசுராமன். ஏரிக்கரை முடிவதற்குள் சசிரேகா ரத்தப் பையைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே நடந்த சாவு என்பதால் பலகையில் எண் மாறவில்லை. மறுநாள் அது ஒன்று கூடியது.

மறுநாள் வடக்குப்பட்டில், வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பரசுராமனைக் கிடத்தியிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது நலவாழ்வு மையத்தின் வேன் வந்து நின்றது. ஜீவானந்தம் இறங்கினார், பின்னால் நான்கைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. மாலையைச் சாத்திவிட்டு, மேளக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.

"எங்க நிறுவனத்துல ஒரு குறை வந்தா, ஆபீஸ்ல உக்காந்து பேச மாட்டோம். சம்பந்தப்பட்ட பொருள் இருக்கற இடத்துக்கே போவோம். அஞ்சு தடவை 'ஏன்'னு கேப்போம். அஞ்சாவது ஏன்ல மூல காரணம் வந்துடும்" என்றார்.

பலகையைப் பரசுராமனின் தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள்.

"ஏன் இறந்தார்? ரத்தம் நிக்கல. ஏன் நிக்கல? மருந்து புண்ணுக்குப் போய்ச் சேரல. ஏன் சேரல? துளை அடைச்சிடுச்சு. ஏன் அடைச்சிது? சந்தனம் உள்ள போயிடுச்சு." பேனா கீச்சுக் கீச்சென்று எழுதியது. "அஞ்சாவது. சந்தனம் ஏன் உள்ள போச்சு?"

அம்சவல்லி தலை நிமிர்ந்தாள்.

"நான்தான் சார் வெச்சேன். அழுத்தி வெச்சேன்."

"நன்றிம்மா" என்றார் ஜீவானந்தம். உண்மையாகவே நன்றி இருந்தது அந்தக் குரலில். 'மூல காரணம்: மனைவி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

சாவுக்கு வந்து ஓரமாக நின்றிருந்த சசிரேகா முன்னால் வந்தாள். "ஆறாவது ஒண்ணு கேளுங்க சார். அந்தம்மா ஏன் வெச்சாங்க? யாரு வைக்கச் சொன்னது?"

"மெத்தட் அஞ்சோட முடியுது டாக்டர். ஆறு கேக்கறது உணர்ச்சிவசப்படறது." பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "திருத்த நடவடிக்கையும் முடிவு பண்ணிட்டோம். இனிமே நோயாளியோட மனைவி சந்தனம் வைக்க மாட்டாங்க. என் மனைவியே வைப்பாங்க."

கூட வந்தவர்கள் எல்லாரும் பலகையில் கையெழுத்துப் போட்டார்கள். பலகை வேனில் ஏறியது. மேளம் மறுபடி தொடங்கியது.

அம்சவல்லி தன் வலது கைக் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, அவனுவ சொல்லுதத மனசுல போட்டுக்கிடாதீங்க. நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றாள். அம்சவல்லிக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

எடுக்கிற நேரம் வந்துவிட்டது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பரசுராமனின் தங்கை சுந்தராம்பாள் தட்டில் பச்சரிசி கொண்டுவந்து வைத்தாள். உறவுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அம்சவல்லியைக் காணவில்லை.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் உலை வைக்கக் கூடாது என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் பாட்டுக்குச் சோற்றைக் குழைய வடித்து, கிண்ணத்தில் போட்டு, விரலால் பருக்கை தெரியாமல் மசித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணி, இன்னா பண்ற நீ? வாய்க்கரிசிக்குப் பச்சரிசிதான் போடணும். சோறு போடக் கூடாது" என்று சுந்தராம்பாள் கையைப் பிடித்தாள்.

"பச்சரிசி அந்த வயித்துக்கு ஆவாதுடி. புண்ணு கீது" என்றாள் அம்சவல்லி.

சுந்தராம்பாள் கையை எடுத்துவிட்டாள்.

அம்சவல்லி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சூடு போக ஊதி, ஒரு சிறு பிடியை உதட்டுக்குள் வைத்தாள். அவர் விழுங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் அடுத்த பிடியை எடுத்தாள்.